நைனா ஓடிய நூறு மீட்டர்

எனக்குப் பல் முளைக்கும் முன்பே சந்தேகம் முளைத்துவிட்டது என்று அம்மா சொல்வாள். அதில் மிகை ஒன்றும் இல்லை. கடையில் கால் கிலோ சர்க்கரை வாங்கினால் வீடு வருவதற்குள் பொட்டலத்தை நாலு முறை கையில் தூக்கி எடை பார்ப்பேன். பள்ளியில் டீச்சர் ஒரு பாடத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால், விட்ட பாடம் அவருக்கே தெரியாது என்று முடிவு கட்டிவிடுவேன். இப்படிப்பட்ட பெண் இருக்கும் வீட்டில் ஒருவர் ரகசியம் வைத்துக்கொள்ள நினைத்தது அவருடைய போதாத காலம்.

அந்த ஒருவர் என் அப்பா. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லை அவ்வளவு பக்கம். நைனாவுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. அது சோற்றுக்குச் சரியாகப் போகும். மற்ற எல்லாவற்றுக்கும் அவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ரயில் ஏறினார். அங்கே ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. உயரமான கொட்டகைகளில் சாரம் கட்டி, அதன்மேல் நின்று கூரைத் தகடு மாற்றுவது, பெயின்ட் அடிப்பது.

நான் ஆறாம் வகுப்பு. கும்மிடிப்பூண்டியில் இங்கிலீஷ் மீடியம். ஒரு சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் அப்படி வந்து உட்காருகிற வழக்கம் கிடையாது.

"பாப்பா, ஒடம்ப சூடு பண்றதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்லுவாங்க?"

"காய்ச்சலா?"

"அது இல்ல. விளையாடறதுக்கு முன்னாடி கைய கால ஒதறிக்கினு நிப்பாங்களே, அது."

வார்ம் அப் என்றேன். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள், ரொம்ப நேரம் ஓடினாலும் களைக்காமல் இருப்பதற்கு என்ன என்று கேட்டார். ஸ்டாமினா. அதற்கு அடுத்த நாள் தண்டால். அது புஷ் அப். பிறகு பஸ்கி, தொப்பை குறைப்பது, தசையை இழுத்து விடுவது, மூன்று வேளையும் அளவாகச் சாப்பிடுவது. தினமும் ஒன்றிரண்டு சொற்கள். எங்கள் இங்கிலீஷ் புத்தகத்தில் விளையாட்டும் உடற்பயிற்சியும் பற்றிய பாடம் ஒன்று இருந்தது. ஒரு வாரத்தில் அந்தப் பாடத்தையே நைனா என்னிடமிருந்து கறந்துவிட்டார்.

எதற்கு என்று கேட்டால், சும்மா என்பார். சும்மா என்ற சொல்லை நான் எப்போதுமே நம்பியதில்லை. நைனா வாழ்க்கையில் ஒரு பந்தைத் தொட்டவர் அல்ல. பக்கத்துத் தெருக் கடைக்குக்கூட சைக்கிள் இல்லாமல் போகமாட்டார். ஊரில் கபடிப் போட்டி நடந்தால், வேலை வெட்டி இல்லாதவன் மண்ணில் புரளுகிறான் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்கு எதற்கு ஸ்டாமினா?

விஷயத்தை அம்மாவிடம் கொண்டுபோனேன். அவளுக்கும் சந்தேகம் குறைச்சலில்லை. எனக்கு அது வேறெங்கிருந்து வந்திருக்கும். புளியைக் கரைத்துக்கொண்டே யோசித்தாள்.

"இங்கிலீஷ் கத்துக்கறாருன்னா எவனோ ஏஜெண்டு ஆசை காட்டிகீறான். துபாய்க்குப் போவப் பாக்கறாரு. கமுக்கமா பாஸ்போர்ட்டு எடுத்து வச்சிகீறாரான்னு பாரு."

நான் நைனாவின் டிரங்குப் பெட்டியை அடிவரை கலைத்துப் பார்த்தேன். பட்டா நகலும், மங்கிப்போன கல்யாண போட்டோவும், ஒரு டார்ச்சும்தான் இருந்தன. பாஸ்போர்ட் இல்லாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வேறெங்கோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும், தண்ணீர் பாய்ச்சப் போகிறேன் என்று நைனா கிளம்பினார். முதல் நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. நான் வரப்பு மாறி, வாய்க்கால் ஓரமாகப் பின்னால் போனேன். அவர் நேராக மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தார். மோட்டார் ஓடவில்லை. உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

"குட் மார்னிங் சார். எவ்ரி மார்னிங் ஐ ரன் சார். ஃபைவ் கிலோமீட்டர் சார். ஃபர்ஸ்ட் வார்ம் அப் சார். மை ஸ்டாமினா இஸ் குட் சார்."

எட்டிப் பார்த்தேன். உள்ளே வேறு யாரும் இல்லை. சுவர் முழுக்கக் கரியால் எழுதியிருந்தது. நான் சொல்லிக்கொடுத்த சொற்களெல்லாம் தமிழ் எழுத்தில் வரிசையாக நின்றன. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் புஷ் அப். கதவு மூலையில் ஃபிட்னஸ். நைனா சுவரைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியாரிடம் ஒப்பிக்கும் பையன் மாதிரி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து, மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார்.

சாரத்தில் ஏறுகிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை தொழிற்சாலை டாக்டர் உடம்பைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் ஓர் அட்டை தருவார்கள். அதற்கு ஹைட் பாஸ் என்று பெயர். அட்டை இல்லாதவனை மேலே ஏற்றமாட்டார்கள். மேலே ஏறாதவனுக்கு ஒப்பந்தக்காரரிடம் வேலை இல்லை. முன்பிருந்த டாக்டர் நம் பக்கத்து மனிதர்; கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, போய்யா என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். இப்போது வடக்கேயிருந்து புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். தமிழ் ஓர் எழுத்து தெரியாது. தினமும் காலையில் அரைக்கால் சட்டையோடு தொழிற்பேட்டை ரோட்டில் ஓடுகிறவர். விளையாட்டு, உடற்பயிற்சி என்று இங்கிலீஷில் பேசுகிறவனை அவருக்குப் பிடித்துப்போய் உடனே கையெழுத்துப் போட்டுவிடுகிறாராம். பேசாமல் முழிக்கிறவனை, ஓடிக்கொண்டேயிருக்கும் பெல்ட் மெஷின் ஒன்றில் ஏற்றி நடக்கவிட்டு, மார்பில் ஒயர் ஒட்டிப் பார்க்கிறாராம்.

"இங்கிலீஷ்ல பேசறவன எவனும் பேஜாரு பண்ண மாட்டான் கண்ணு" என்றார் நைனா.

"நீதான் நல்லா கீறியே நைனா. அப்புறம் இன்னாத்துக்கு மெஷினுக்குப் பயப்படற?"

நைனா திரும்பி மோட்டாரைப் போட்டார். அது உறுமிக்கொண்டு ஓடியது. என் கேள்வி காதில் விழாத மாதிரி தண்ணீர் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மழை பெய்த வயலுக்கு யாராவது தண்ணீர் விடுவார்களா? அதையும் மனதில் குறித்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லாமல் இருக்க ஒரு புது ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டேன். பேரம் பேசாமல் சரி என்றார். அதுவும் சந்தேகத்துக்கு உரியதாகத்தான் இருந்தது.

அதன்பின் பத்து நாள் நான் டாக்டரானேன். அம்மாவின் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகை வாசலில் குத்துக்கல்லில் உட்காருவேன். டூ யூ ப்ளே எனி கேம் என்று கேட்பேன். யெஸ் சார், வாலிபால் சார் என்பார் நைனா. ஹவ் மெனி புஷ் அப்ஸ் என்றால், தர்ட்டி சார். ஐம்பது என்று சொல்லச் சொன்னேன். ஐம்பது சொன்னால் டாக்டர் போட்டுக்காட்டச் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தார். அவர் கூலிங் டவுன், ஒர்க் அவுட் என்றெல்லாம் சொல்லச் சொல்ல எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மாணவர் என்ற நினைப்பில் அவரைக் கொஞ்சம் அதட்டவும் செய்தேன். அவர் சிரிக்கவே மாட்டார். நான் விளையாடிக்கொண்டிருந்தேன், அவர் விளையாடவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை.

சோதனை நாளன்று நைனா வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையில் ஹைட் பாஸ் இருந்தது. கையில் ஒரு பாலிதீன் கவர். அதற்குள் தொழிற்சாலை பெயர் போட்ட மஞ்சள் டி சர்ட். டாக்டர் அவருடைய இங்கிலீஷைக் கேட்டு மெய்மறந்து, மெஷின் பக்கமே கூட்டிப்போகாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதோடு நிற்கவில்லை. அந்த மாதக் கடைசியில் தொழிற்சாலையின் விளையாட்டு விழா. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான நூறு மீட்டர் ஓட்டத்தில், ஒப்பந்தத் தொழிலாளிகள் சார்பாக நைனாவின் பெயரையும் தானே எழுதிவிட்டார். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு நூறு மீட்டர் எம்மாத்திரம்?

அம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் ஆயிற்று. "ஓட்டப் பந்தயத்துக்கா இவ்ளோ கமுக்கம்? சொல்லியிருந்தா நான் இன்னா வேணாம்னா சொல்லப் போறேன்" என்று சொல்லி, அன்றைக்கு முட்டைக் குழம்பு வைத்தாள். நைனா டி சர்ட்டைக் கட்டில்மேல் விரித்துப் போட்டு, கோர்ட்டிலிருந்து வந்த நோட்டீஸைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். என் பெஞ்சில் உட்காரும் பெண்ணின் அப்பா அதே தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவரும் அதே பந்தயத்தில் ஓடுகிறாராம். பார்க்கலாம் என்றாள். பார்க்கலாம் என்றேன்.

ஆனால் அந்த வாரம் நைனா கேட்ட சொற்கள் எனக்குப் பிடிக்கவில்லை. ஓடும்போது தொடை பிடித்துக்கொண்டால் என்ன சொல்வது? ஹாம்ஸ்ட்ரிங். கால் பிசகினால்? ஸ்பிரெய்ன். நரம்பு சுருட்டிக்கொண்டால்? கிராம்ப். பந்தயத்தில் ஓடப்போகிறவர், முதலில் வந்தால் என்ன சொல்வது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அடிபடுவதைப் பற்றி மட்டுமே கேட்டார். ஓடுவதாக ஒரு நாள்கூட வெளியே போகவில்லை. பழகிக்கோ நைனா என்றால், நெல்லுக்கு உரம் போட வேண்டும் என்பார். தோற்கப் பயந்துகொண்டு ஏதோ திருட்டுத்தனம் செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரியாகத்தான் மோப்பம் பிடித்திருந்தேன், ஒரு பாதியை மட்டும்.

விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வயலில் களையெடுக்க ஆள் வைத்திருந்ததால் அம்மா வரவில்லை. நானும் நைனாவும் மட்டும் போனோம். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த பொட்டலைச் சமப்படுத்திச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஷாமியானா, மைக், பிரியாணிப் பொட்டலம் எல்லாம் இருந்தன. டாக்டர் நைனாவின் முதுகில் தட்டி ஏதோ சொன்னார். நைனா, வார்ம் அப் ஓவர் சார் என்றார். என் பெஞ்சுப் பெண் அதைக் கேட்டாள் என்பதில் எனக்குத் திருப்தி.

விசில் ஊதியது. எட்டுப் பேர் ஓடினார்கள். முதல் முப்பது அடி நைனா அவர்களோடுதான் ஓடினார். பிறகு வேகம் குறைந்தது. பாதித் தூரம் வருவதற்குள் நின்றேவிட்டார். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். ஒரு கணம் அப்படியே நின்றவர், ஏதோ ஞாபகம் வந்தவர் போல வலது தொடையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் ஸ்ப்ரே டப்பாவோடு ஓடினார். ஹாம்ஸ்ட்ரிங் சார், ஹாம்ஸ்ட்ரிங் என்று நைனா சொல்வது எனக்குக் கேட்டது. அந்தப் பக்கம் சூப்பர்வைசர் முடிவுக் கயிற்றைத் தாண்டிவிட்டார். கைதட்டினார்கள். என் பெஞ்சுப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் கவனித்தேன். நொண்டிக்கொண்டே நைனா ஷாமியானாவை நோக்கி வந்தார். பிடித்துக்கொண்டது வலது தொடை. நொண்டியது இடது கால். ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்கா தெரியாது? பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து டாக்டர் வலது காலை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் நின்று, எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கூட்டிச் சொன்னேன்.

"சார், ஹி இஸ் ஆக்டிங். திஸ் லெக், தட் லெக், போத் ஆர் ஃபைன். ஹி நெவர் ரன்ஸ். எவ்ரிதிங் ஐ டாட் ஹிம்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே நைனாவின் முகத்தைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார். காலை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்தார். நைனா தலையைத் தூக்கவில்லை. டி சர்ட் தொப்பலாக நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. பாதித் தூரம்கூட ஓடாததற்கு இத்தனை வியர்வையா என்றுகூட எனக்குத் தோன்றாமல் போயிற்று. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள், அதைச் சந்தேகப்படவில்லை.

நைனாவைத் தொழிற்சாலைக்குள் டாக்டரின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். கதவு சாத்தியிருந்தது. நான் வெளியே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து நைனா வந்தார். கையில் மருந்துச்சீட்டும் ஒரு கடிதமும் இருந்தன. ஹைட் பாஸ் மட்டும் அவரிடம் இல்லை. அதை டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டாராம். கூடவே வந்த ஒப்பந்தக்காரரின் ஆள், வண்டி வைத்து வீட்டில் விடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், ரயிலிலேயே போய்விடுகிறோம் என்று நைனா சொல்லிவிட்டார்.

"நாளையிலிருந்து வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க கண்ணு" என்றார் என்னிடம். திட்டவில்லை. ஓர் அதட்டல்கூட இல்லை.

பொய் சொன்னதற்குத் தண்டனை என்று புரிந்துகொண்டேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, நியாயமாகவும் இருந்தது. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டேஷன் வாசலில் ஒரு மாங்காய் பத்தை வாங்கித் தந்தார். காட்டிக்கொடுத்தவளுக்கு மாங்காய் ஏன் வாங்கித் தருகிறார்? அம்மாவிடம் சொல்லாமல் இருக்கத்தான் என்று எண்ணி, நான் அதைக் கடிக்கவே இல்லை.

எங்கள் ரயில் அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்தில் வரும். மேம்பாலம் ஏற வேண்டும். மூன்றாவது படியில் நைனாவின் கை என் தோளில் வந்து விழுந்தது. கனமாக இருந்தது. இரண்டு படி தாங்கினேன். என் பெஞ்சுப் பெண்ணின் பார்வை ஞாபகம் வந்தது. தோளை உதறிக்கொண்டேன்.

"இங்க டாக்டர் யாரும் இல்ல நைனா. இன்னும் இன்னாத்துக்கு நடிக்கற?"

கை உடனே போய்விட்டது. நான் தடதடவென்று மேலே ஏறி நின்று திரும்பிப் பார்த்தேன். நைனா கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு படி ஏறுவார், நிற்பார். நிற்கும்போதெல்லாம் முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொள்வார். அங்கே ஒரு காலி சரக்கு ரயில் மட்டும்தான் நின்றிருந்தது.

"சீக்கிரம் வா நைனா, வண்டி வந்துகினு கீது."

"நீ போ கண்ணு. நான் வேடிக்கை பாத்துகினு வரேன்."

அந்த வண்டியை விட்டுவிட்டோம். அடுத்த வண்டி வரும்வரை பெஞ்சில் அவர் ஓர் ஓரமும் நான் ஓர் ஓரமுமாக உட்கார்ந்திருந்தோம்.

நான்கு நாள் கழித்துச் சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் நைனாவின் இதயத்தில் அடைப்பு இருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். சாரத்தில் ஏறும்போது மூச்சு முட்டுவது ஆறு மாதமாகவே இருந்திருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம் மேலே ஏறியிருந்தால் ஆள் கிடைத்திருக்கமாட்டார் என்று அங்கே சொன்னார்களாம். நைனா இன்றைக்கும் வயலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்வாள். "இவ மட்டும் அன்னிக்கு டாக்டராண்ட போட்டுக்குடுக்கலன்னா" என்று என்னைக் காட்டுவாள். வந்தவர்கள் என்னை மெச்சுவார்கள். நைனாவும் தலையாட்டிச் சிரிப்பார்.

கதை எப்போதும் தொழிற்சாலையோடு முடிந்துவிடும். மேம்பாலம் அதில் வராது. அம்மாவுக்கு அது தெரியாது, நைனா சொல்லவில்லை. பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. பத்து நாள் சுவரிடமும், டாக்டரிடமும், அந்தப் பொட்டலில் அத்தனை பேர் முன்னாலும் நடித்த மனிதர், என் தோளில் கை வைத்தபோது நடிக்கவில்லை.